ஒன்பதாவது தட்டில் வந்த களவா

ராஜபாளையம்
18-12-1993

தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டு, கப்பல் கப்பலாகப் பார்த்துக்கொண்டு குறைவில்லாமல் இருக்கும் என் மைத்துனர் பொன்னுராஜ் அவர்களுக்கு, அத்தான் காசிராஜன் ஆசிகளோடு எழுதிக்கொண்டது. இங்கு நான் சுகம். உம் அக்காள் சீனியம்மாள் சுகம். மகள் செல்லக்கனி சுகம். நீர் சீராக வைத்த களவா மீனும் நல்ல சுகம். அது இவ்வளவு சுகமாக இருப்பதால்தான் இந்தக் கடிதம் எழுத வேண்டி வந்தது.

மச்சான், சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். செல்லக்கனிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் மாப்பிள்ளை பேசி, தை பன்னிரண்டில் முகூர்த்தம் என்று முடிவாகியிருக்கிறது. நல்ல பையன், நல்ல குடும்பம், ஜாதகமும் பொருந்திவிட்டது. ஒரே ஒரு நிபந்தனை. கல்யாணத்துக்கு முன்னால் மீன் இந்த வீட்டை விட்டுப் போக வேண்டும். ஆகவே தை பிறப்பதற்குள் நீர் ஒரு லாரியில் தண்ணீர்த் தொட்டி கட்டி எடுத்துக்கொண்டு வந்து, உம்முடைய மீனை உம்முடைய கடலிலேயே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் கல்யாணம் நின்றுவிடும், பழி உம் தலையில்தான் விழும். கோபத்தில் எழுதுவதாக நினைக்க வேண்டாம் என்று எழுத நினைத்தேன். கோபத்தில்தான் எழுதுகிறேன்.

நடந்ததை ஆதியிலிருந்து எழுதினால்தான் உமக்கு உறைக்கும். எண்பத்தைந்து ஆவணியில் செல்லக்கனிக்குச் சடங்கு வைத்தபோது தாய்மாமன் சீரோடு வந்து தெருமுனையில் இறங்கினீர். மேளம் அடிக்க ஆரம்பித்தாயிற்று, பெண்டுகள் ஆரத்தி கரைத்தாயிற்று, அப்போதுதான் உம் வீட்டுக்காரி சுடலையம்மாள் தட்டுகளை எண்ணிப் பார்த்து "ஐயய்யோ, எட்டுத்தானே இருக்கு!" என்று கத்தினாள். தேங்காய்த் தட்டை நீர் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கியிருந்தீர். சீர்த் தட்டு ஒற்றைப்படையில் வர வேண்டும் என்பது கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். இரட்டைப்படையில் தட்டு எடுத்து வந்த தாய்மாமனை நம் ஜனங்கள் பேரன் பேத்தி எடுக்கிற வரைக்கும் பேசுவார்கள். நீர் என்ன செய்தீர்? பக்கத்துக் கடையில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினீரா? இல்லை. உம் ஆபீசர் இந்த ஊரில் யாரோ ஒரு டாக்டர் வீட்டுக்குக் கொடுக்கச் சொல்லித் தந்துவிட்ட சின்னக் கண்ணாடித் தொட்டியைத் தூக்கித் தாம்பாளத்தில் வைத்து, கண்ணாடிக்குச் சந்தனம் குங்குமம் இட்டு, ஒன்பதாவது தட்டு என்று ஊர்வலத்தில் விட்டீர். உள்ளே விரல் நீளத்தில் ஒரு மீன், உடம்பெல்லாம் புள்ளி, முகத்தில் பாதி வாய். நான் அன்றைக்கே கேட்டேன், "இது என்னய்யா?" என்று. "களவா, அத்தான். கடல் மீனு. பயப்படாதிய, மெதுவாத்தான் வளரும்" என்றீர்.

மெதுவாக வளரும் என்றால் சின்னதாகவே இருக்கும் என்று நான் எடுத்துக்கொண்டேன். தப்புத்தான். ஆனால் முப்பத்திரண்டு வருஷம் மில்லில் மேஸ்திரியாக இருந்தவன் வேறு எப்படி எடுத்துக்கொள்வான்? என் இன்கிரிமென்ட் மெதுவாகத்தான் வளர்ந்தது, ரிட்டயர் ஆகிற வரைக்கும் அது சின்னதாகவே இருந்தது. இந்த மீன் அப்படி இல்லை மச்சான். மெதுவாக வளர்ந்தது, ஆனால் ஒரு நாளும் நிறுத்தவில்லை. வருஷத்துக்கு நாலு விரற்கடை, லீவு கிடையாது, ஸ்டிரைக் கிடையாது. உம் தொட்டி ஒரு வருஷம் தாங்கியது. போட்டோ பிரேம் போடுகிறவரிடம் சொல்லி அடித்த பெரிய கண்ணாடித் தொட்டி இன்னும் இரண்டு வருஷம் தாங்கியது. பிறகு கொத்தனாரைக் கூட்டிவந்து முன்கூடத்தில் செங்கல் சிமென்ட் வைத்துத் தொட்டி கட்டி, இடிக்கப்போன ஒரு ஜவுளிக்கடையின் ஷோகேஸ் கண்ணாடியை முகப்பில் பதித்தேன். தொட்டியின் ஒரு மூலை தலைவாசலை மறித்துவிட்டது. இன்றைக்கு என் வீட்டுக்கு யார் வந்தாலும் கொல்லைப்புறம் வந்து, துவைக்கிற கல்லைத் தாண்டி, அடுப்படி வழியாகத்தான் கூடத்துக்கு வர வேண்டும். மீன் இப்போது ஒன்றரை முழம். ஊரில் அவனவன் வீட்டுக்கு வீடு வெள்ளை நாய் வளர்த்துக் கௌரவமாக இருக்கிறான். என் வீட்டுச் சுவரில் எவனோ கரிக்கட்டியால் 'மீன் ஜாக்கிரதை' என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறான். அழிக்க அழிக்க எழுதுகிறான்.

அப்புறம் தண்ணீர். மலையடிவாரத்தில் குடியிருக்கிறவன் கடல்தண்ணீருக்கு எங்கே போவான்? முதலில் நீர் மாதம் இரண்டு தடவை பஸ்ஸில் கேன் கேனாக அனுப்பினீர், இல்லையென்று சொல்லவில்லை. ஒரு தடவை வழியில் பஸ்ஸை நிறுத்திய போலீஸ்காரர் ஒருவர், ரேஷன் மண்ணெண்ணெய் கடத்துகிறார்கள் என்று கேனைத் திறந்து, மோந்து பார்த்துத் திருப்திப்படாமல் ஒரு மடக்குக் குடித்தே பார்த்திருக்கிறார். அதற்கப்புறம் எந்தக் கண்டக்டரும் அந்தக் கேனை ஏற்றச் சம்மதிக்கவில்லை. பிறகு கல்லுப்பை மூட்டையாக வாங்கிக் கரைத்து நாங்களே கடல் செய்ய ஆரம்பித்தோம். உப்பு சரியா என்று பார்ப்பது உம் அக்காள். ஊறுகாய்க்குப் பார்ப்பது மாதிரி விரலைத் தொட்டு நாக்கில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, "ரசத்துக்குக் கூட, கடலுக்குக் கொறவு. இன்னும் ரெண்டு கை போடுங்க" என்பாள். கடலை இரண்டே தடவை பார்த்தவள் இவள். உப்பு வாங்குகிற கடைக்காரர், "அண்ணாச்சி, வீட்டுல கருவாடு போட்டு வெளியூருக்கு அனுப்புதியளோ?" என்று ரகசியமாகக் கேட்டார். பீரோ துருப்பிடித்துவிட்டது, ஃபேன் துருப்பிடித்துவிட்டது, போன மாதம் என் மூக்குக் கண்ணாடியின் காது கையோடு வந்துவிட்டது.

சாப்பாட்டுக்கு வாரேன். அதற்குக் கண்மாய் மீன் இறங்காது. கெண்டையைப் போட்டால் வாயில் வாங்கி, என்னைப் பார்த்துத் துப்பும். கடல் சாளைதான் வேண்டும். காலையில் மார்க்கெட்டுக்குத் தூத்துக்குடிச் சரக்கு வந்ததும் முதலில் வாங்குவது நான், சாப்பிடுவது அது. எங்களுக்கு மிஞ்சினால்தான் குழம்பு. இதில் புரட்டாசி வந்தால் உம் அக்காள் வீட்டில் கவிச்சி வாசமே ஆகாது என்றுவிடுவாள். "அதுக்கு என்ன போடுறது?" என்றால், "வீடே வெரதம் இருக்கு, அது மட்டும் திங்கணுமா? அதுவும் இந்த வீட்டுப் பிள்ளதானே?" என்று அவலும் பொரியும் தூவினாள். நாலு நாள் மீன் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. மூலையில் போய் முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டு நின்றது. பார்க்கச் சகிக்கவில்லை. ஐந்தாம் நாள் நான் பழைய மில் டிபன் கேரியரில் சாளையை ஒளித்து வைத்து, மேல் தட்டில் தயிர் சாதம் வைத்து மறைத்துக் கொண்டுவந்து போட்டேன். ஒரு மாதம் இதே பிழைப்பு. கட்டின பெண்டாட்டிக்குப் பயந்து ஒளித்து மீன் தின்கிறவனைப் பார்த்திருக்கிறேன், மீனுக்காகப் பயந்தவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான்.

யாருக்காவது கொடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே என்று நீர் கேட்பீர். எப்படியய்யா கொடுப்பது? சீர் அல்லவா! மெஸ் வைத்திருக்கும் பால்சாமி ஒருநாள் வந்து கண்ணாடி முன்னால் நின்று, "மேஸ்திரி, தலையே ரெண்டு கிலோ வரும் போலிருக்கே" என்றார். அவ்வளவுதான், உம் அக்காள் வாரியலோடு அடுப்படியிலிருந்து வந்தாள். "எந்தம்பி வச்ச சீரைக் கொழம்பு வைக்கவா வந்திய? வெளிய போங்க!" பால்சாமி வழி தெரியாமல் தலைவாசல் பக்கம் ஓடித் தொட்டியில் முட்டிக்கொண்டார். அய்யனார் கோவில் ஆற்றில் விட்டுவிடலாம் என்று நான் சொன்னபோது செல்லக்கனி, "நல்ல தண்ணியில செத்துப்போகும்ப்பா. கொல்லணும்னா நேராச் சொல்லுங்க" என்றாள். நான் கொலைகாரனாம். சீரைக் கொடுத்தவன் கையாலேயே திரும்பி வாங்கிக்கொண்டால் மட்டும்தான் குற்றமில்லை என்று உம் அக்காள் கடைசியாக ஒத்துக்கொண்டிருக்கிறாள். அதனால்தான் உம்மைக் கூப்பிடுகிறேன். இல்லையென்றால் உம் தயவு எனக்கு எதற்கு?

இப்போது முக்கியமான விஷயம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா ஆவுடையப்பன் ரிட்டயர்டு ஏட்டையா, மீசையும் நடையும் இன்னும் டூட்டியில்தான் இருக்கின்றன. மாப்பிள்ளை கண்ணுச்சாமி கரண்ட் ஆபீசில் லைன்மேன். எல்லோரையும் கொல்லை வழியாகக் கூட்டிவந்து, "தலைவாசல்ல மராமத்து வேல நடக்கு" என்று ஒரு பொய்யைச் சொல்லி உட்காரவைத்தேன். கேசரி வைத்தோம். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. கரண்ட் போனால் தொட்டிக்குக் காற்று விடுகிற மோட்டார் நின்றுவிடும். பத்து நிமிஷம் போனால் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். அதற்கு இந்த வீட்டில் ஒரு பழக்கம் உண்டு, யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்கள் சைக்கிள் பம்பை எடுத்து ரப்பர் குழாயில் மாட்டிக் காற்றடிக்க வேண்டும். நான் கண்ணைக் காட்டுகிறேன், வேண்டாம் வேண்டாம் என்கிறேன். காப்பித் தட்டோடு தலையைக் குனிந்து வந்த செல்லக்கனி தட்டை நேரே மாப்பிள்ளை மடியில் வைத்துவிட்டு, பட்டுச்சேலைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு பம்பை மிதித்து அடிக்க ஆரம்பித்துவிட்டாள். எனக்கு உயிரே இல்லை.

கண்ணுச்சாமி காப்பித் தட்டை வைத்துக்கொண்டு, "எம்புட்டு நேரம் அடிக்கணும்?" என்று கேட்டான். இவள் மூச்சிரைக்க, "கரண்ட் வாரவரைக்கும். ஒங்க ஆபீஸ்லதானே கேக்கணும், எப்ப வரும்னு? சும்மா இருக்கியள்ல, வந்து செத்த நேரம் அடிங்க" என்றாள். பெண் பார்க்க வந்தவனிடம் பேசுகிற பேச்சா இது? அவன் எழுந்து, முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வந்து பம்பை வாங்கி அரை மணி நேரம் அடித்தான். இரண்டு பேரும் அந்த அரை மணியில் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கரண்ட் வந்தது. பையன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "எனக்குச் சம்மதம்ப்பா" என்றான். கரண்ட் வந்ததற்கும் சேர்த்துச் சொல்கிறான் என்று முதலில் நினைத்தேன். எனக்குப் போன உயிர் வந்தது மச்சான், சாமியைக் கும்பிட்டேன்.

கெடுத்தது இந்த மீன்தான். ஏட்டையா எழுந்து தொட்டிப் பக்கம் போனார். மீன் கண்ணாடியோரம் வந்து நின்று அவரைப் பார்த்தது. அவரும் பார்த்தார். சர்வீசில் எத்தனையோ களவாணிகள் அவர் பார்வையிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார்களாம், ஊரில் சொல்வார்கள். இது இமைக்கவே இல்லை. மீனுக்கு இமை கிடையாது என்று சொல்லலாமா என்று பார்த்தேன், அவர் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன். ஐந்து நிமிஷம் போயிற்று. அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, கடைசியில் இமைத்துவிட்டார். அதோடு விட்டதா சனியன்? சாப்பாடு தர வந்தவர் என்று நினைத்து மேலே வந்து வாலால் ஒரு அடி அடித்தது. ஏட்டையாவின் வெள்ளைச் சட்டை, மீசை, கையிலிருந்த கேசரி எல்லாம் உப்புத் தண்ணீர். அவர் சத்தம் போடவில்லை. துண்டை வாங்கித் துடைத்துக்கொண்டு, கொல்லை வாசலில் நின்று சொன்னார்: "சம்பந்தி, பொண்ணு வேணும். ஆனா மறுவீட்டுக்கு எங்க ஆளுக வாரப்ப அந்த மீனு அங்க இருக்கப்படாது. கல்யாணத்துக்கு முன்னாடியே போயிருச்சுன்னு எனக்குத் தகவல் வரணும். இல்லன்னா முகூர்த்தமே கெடையாது."

அன்றிலிருந்து செல்லக்கனி என்னோடு பேசுவதில்லை. கல்யாணமும் வேண்டுமாம், மீனும் இருக்க வேண்டுமாம். சீனியம்மாள் அழுகிறாள். நான் ஒருவன் இருபத்தோரு வயசுப் பெண்ணை வைத்துக்கொண்டு மீனுக்கும் ஏட்டையாவுக்கும் நடுவில் கிடந்து சாகிறேன். காலையில் பேப்பரைப் பிரித்தால் கண்ணாடியோரம் வந்து நிற்கிறது, அதற்கும் சேர்த்துச் சத்தமாகப் படிக்க வேண்டியிருக்கிறது. நான் மத்தியானம் கண்ணசந்தால் வாலால் தட்டி எழுப்புகிறது. எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. இந்தக் கடிதம் கண்டதும் லாரிக்குச் சொல்லும். சாக்குப்போக்குச் சொல்ல வேண்டாம், டூட்டி இருக்கிறது என்று எழுத வேண்டாம். மெதுவாக வளரும் என்று சொன்ன வாய்தானே, அந்த வாயாலேயே ஊர் முன்னால் வந்து கூப்பிட்டு எடுத்துக்கொண்டு போம்.

சுடலையம்மாளுக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம். உங்கள் எல்லாருக்கும் வைத்தியநாத சுவாமி நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுளைத் தரட்டும், ஆனால் இந்த மீனுக்குத் தந்த அளவு வேண்டாம்.

இப்படிக்கு,
பொறுத்தது போதும் என்றிருக்கும் அத்தான்,
காசிராஜன்

பின்குறிப்பு: மேலே கண்டதைக் கவரில் போட்டு ஒட்டி, தபாலில் சேர்க்கச் செருப்பை மாட்டுகிற நேரத்தில் ஆவுடையப்பன் சம்பந்தி தன்னந்தனியாக வந்து நின்றார். கவரைக் கிழித்து இதை எழுதுகிறேன். வந்தவர் ஸ்டூலை இழுத்துத் தொட்டி முன்னால் போட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு சொல்கிறார்: "சம்பந்தி, அன்னையிலருந்து எனக்கு ஒறக்கமே இல்ல. எத்தன பயல பாத்திருக்கேன், இந்தா கெடக்கானே இவனை மாதிரி ஒரு நெஞ்சழுத்தக்காரனைப் பாத்ததில்ல. இவனை விடப்படாது. தாய்மாமன் வச்ச சீரு பொண்ணோடதானே வரணும், அதானே முறை? எங்க வீட்டுப் பின்னால தொட்டி கட்டக் கொத்தனாருக்குச் சொல்லிட்டேன். மறுவீடு முடிஞ்சு மருமக வாரப்ப இவனும் வரட்டும்." சீனியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். செல்லக்கனி இத்தனை நாளைக்கப்புறம் என்னை "அப்பா" என்று கூப்பிட்டுக் கட்டிக்கொண்டாள். அவிய எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். நானும் "ரொம்பச் சந்தோஷம் சம்பந்தி" என்று சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போய்த் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன். காப்பிக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை.

ஆகவே லாரி வேண்டாம். நீர் மட்டும் அடுத்த பஸ்ஸைப் பிடித்து வாரும். வந்து கூடத்தில் நின்று, ஏட்டையாவும் இருக்கிற நேரமாகப் பார்த்து, அந்த ஒன்பதாவது தட்டு செல்லக்கனிக்கு வைத்தது இல்லை, அத்தானுக்கென்று தனியாக வைத்தது என்று சொல்லும். தாய்மாமன் சபையில் சொன்னால் சொன்னதுதான், போலீஸ்கூட மறுத்துப் பேச முடியாது. பொய்தான். எனக்காகச் சொல்லும். உம் காலில் விழ வேண்டுமென்றாலும் விழுகிறேன், வயசைப் பார்க்க மாட்டேன். தை பன்னிரண்டுக்கப்புறம் இந்த வீட்டில் என் பிள்ளை சத்தம் கேட்காது மச்சான். பெண்ணைக் கொடுக்கத்தான் வேண்டும், கொடுக்கிறேன். இவனாவது இருக்கட்டும்.